புது வீட்டுக்கு இணைய இணைப்பு: சுவர் பூசுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் வீடு கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடுகளுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். டைல்ஸ் கடைக்குப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் சலிக்காமல் போய்வருகிற வீட்டுக்காரர்கள், இணைய இணைப்பைப் பற்றி யோசிப்பது புதுமனை புகுவிழா முடிந்த பிறகுதான். அதற்குள் சுவர் பூசி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்தாகிவிடுகிறது. பிறகு ஜன்னல் ஓரத்தில் துளை போட்டு, கறுப்பு வயரைக் கதவுச் சட்டத்தின் மேல் ஆணியடித்து இழுத்து, ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள். மாடி அறையில் சிக்னல் இல்லை என்று ஒரு மாதத்தில் அழைப்பு வருகிறது.

வைஃபை என்பது கடைசிப் பதினைந்து இருபது அடிக்கு மட்டும்தான். அதுவரைக்கும் இணையத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது சுவருக்குள் ஓடும் கம்பி. அந்தக் கம்பிக்கு வழி விடாத வீட்டில் எவ்வளவு விலையுள்ள ரூட்டர் வைத்தாலும் பாதிப் பயன்தான்.

சுவருக்குள் பைப்

எலக்ட்ரீஷியன் சுவர் கொத்தத் தொடங்குகிற நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஏசிக்கும் கணக்குப் போட்டு வருவார். நெட்வொர்க் லைனுக்கு நீங்கள் சொன்னால்தான் பைப் போடுவார்.

முதல் பைப், தெருவிலிருந்து ஃபைபர், அதாவது ஒளியாக இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள், உள்ளே வருவதற்கு. கேபிள் எந்தக் கம்பத்திலிருந்து வரும் என்று பார்த்து, அந்தப் பக்கத்துச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே ஒரு துளை விடுங்கள். பைப் வெளியிலிருந்து உள்ளே மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வெளி முனையில் கீழ்நோக்கி ஒரு பெண்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் ஜூன் மாதத்து மழை பைப் வழியாகவே வரவேற்பறைக்குள் வந்துவிடும். 25 மில்லிமீட்டர் பைப் போதும். வளைவுகளில் எல்போ போடாமல் நீளமான பெண்டு போடச் சொல்லுங்கள். ஃபைபருக்குக் கூர்மையான மடக்கு ஆகாது. வீடுகளுக்கு இழுக்கும் நவீன ஃபைபர் இழை ஒரு சென்டிமீட்டர் ஆரம் வரை வளைவதைத் தாங்கும் என்றாலும், அதைச் சுற்றியுள்ள உறையும் கம்பியும் அவ்வளவு வளையாது.

அந்தப் பைப் வந்து முடியும் இடத்தில் ஒரு பெட்டி. மாடிப்படிக்குக் கீழே, மெயின் போர்டிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி இருந்தால் வசதி. அங்கே குறைந்தது நான்கு பிளக் பாயிண்ட் வேண்டும். அவை இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். இதுதான் வீட்டு நெட்வொர்க்கின் மையம்.

மையத்திலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி லேன் கேபிள், அதாவது வீட்டுக்குள் கருவிகளை இணைக்கும் எட்டு வயர்க் கேபிள். எங்கெங்கே என்று கேட்டால், என் கணக்கு இது: டிவி சுவருக்கு ஒன்று, படிப்பு அல்லது வேலை அறை மேஜைக்கு ஒன்று, கீழ்த்தளத்தில் வைஃபை கருவி வைக்கும் இடத்துக்கு ஒன்று, மாடி ஹாலின் கூரைக்கு ஒன்று, கேமரா வைக்கும் மூலைகளுக்கு ஒவ்வொன்று. இவற்றில் மாடி ஹால் கூரைக்குப் போகும் கேபிளை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். மற்றவற்றை வெளியே ஓட்டி இழுத்துக்கூடச் சமாளிக்கலாம். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போக, வார்ப்புக்கு முன் போட்ட பைப் ஒன்றுதான் அழகான வழி. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டிய நிலையில் அந்தப் பைப்பை வைத்துவிட வேண்டும்.

கேபிள் வாங்கும்போது கேட் 6 என்று கேளுங்கள். கேட் 5இ கூட நூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆனால் விலை வித்தியாசம் சிறியது; சுவருக்குள் போவது இருபது ஆண்டு இருக்கப்போகிறது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிள்கள் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் இணைப்பு முனையில் எளிதில் முறியும். கேமராவுக்கு இதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பினால் சூடாகவும் செய்யும்.

கரண்ட் வயரையும் லேன் கேபிளையும் ஒரே பைப்பில் போட விடாதீர்கள். “இடம் இருக்கிறதே, இதிலேயே இழுத்துவிடலாம்” என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இது சிக்னல் இரைச்சல் தொடர்பான விஷயம் மட்டுமில்லை, பாதுகாப்பு தொடர்பானதும்கூட. இரண்டும் பக்கம் பக்கமாக ஓடினால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். கேபிள் இப்போது வாங்கப் பணமில்லை என்றால் பைப் மட்டும் போட்டு, உள்ளே ஒரு இழுகம்பியை விட்டுவையுங்கள். பைப்பின் செலவு வீட்டுச் செலவில் ஒரு பொருட்டே இல்லை.

முனையில் மாட்டும் எட்டு வயர்களின் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனைகளின் மேலும் எந்த அறைக்கு என்று தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

யாரிடம் இணைப்பு வாங்குவது

வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளா என்று இருக்கிற இடங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கைப்பேசிக்கு எல்லை தெரியாது. எந்த டவர் பலமோ அதைப் பிடித்துக்கொள்ளும். கம்பியில் வரும் இணைப்பு அப்படி இல்லை. இணையச் சேவை உரிமங்கள் மூன்று வகை: நாடு முழுவதற்கும், ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (பெரும்பாலும் ஒரு மாநிலம்) மட்டும், ஒரு சிறு பகுதிக்கு மட்டும். சிறிய நிறுவனங்கள் பின்னிரண்டு வகையில் வரும். தமிழ்நாட்டு உரிமத்தில் நடக்கும் சிறு நிறுவனத்தின் கேபிளை எல்லை தாண்டி இழுத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பம் கேரள மின்வாரியத்துடையது, உங்கள் முகவரி கேரள வட்டத்தில் இருக்கிறது. லைன் அறுந்தால் புகாரை எந்த அலுவலகமும் ஏற்காது.

இங்கே பெரும்பாலும் கிடைப்பவை: பிஎஸ்என்எல் ஃபைபர், உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் வழியாக வரும் கேரளா விஷன், ஏசியாநெட், பிறகு ஜியோ, ஏர்டெல். கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாக ஃபைபர் ஓடுகிறது. பொருளாதாரத்தில் பின்தங்கிய 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. மற்றவர்களுக்குக் கட்டண இணைப்பும் உண்டு. ஒரே நிறுவனமே என்றாலும் ஒரு தெருவில் அருமையாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருக்கும், ஏனென்றால் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்வது உள்ளூர் ஆள். ஆகவே விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். அண்டை வீட்டில் கேளுங்கள். மூன்று கேள்விகள் போதும். கடைசியாக லைன் அறுந்தபோது எத்தனை நாளில் ஒட்டினார்கள்? கரண்ட் போகும்போது, உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும் இணையம் நிற்கிறதா? இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைகிறதா?

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் கேட்க வேண்டும். உண்மையான ஃபைபர் அமைப்பில் நடுவழியில் மின்சாரமே தேவையில்லை. கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் என்பது ஒளியை 32 அல்லது 64 கிளையாகப் பிரிக்கும் கண்ணாடித் துண்டுதான். ஆனால் சில இடங்களில் கம்பம் வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், மின்சாரத்தில் ஓடும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியை வைத்து, வீட்டுக்கு லேன் கேபிள் இழுக்கிறார்கள். அந்தக் கம்பத்தில் கரண்ட் போனால் தெரு முழுக்க இணையம் போகும். மின்னல் காலத்தில் அந்தப் பெட்டிதான் முதலில் எரியும். வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் கேபிளா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஃபைபரே எட்டாத தோப்பு வீடு என்றால், 2023-இல் வந்த ஏர்ஃபைபர் வகை 5ஜி இணைப்புகள் இருக்கின்றன. மொட்டைமாடியில் ஒரு கருவி வைத்து டவரிலிருந்து சிக்னல் எடுப்பார்கள். சுற்றித் தென்னை உயர்ந்திருந்தால் கருவியை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியும் என்பதைப் பொறுத்தே பலன். முன்பணம் கட்டுவதற்கு முன், அதே நிறுவனத்தின் 5ஜி சிம் போட்ட கைப்பேசியை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், பகலிலும் இரவு ஒன்பது மணிக்கும் வேகம் பாருங்கள்.

ஆதாரில் பொள்ளாச்சி, உடுமலை முகவரி இருப்பவர்கள், புது வீட்டு மின் கட்டண ரசீதையோ பஞ்சாயத்து தரும் உரிமைச் சான்றையோ கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கவும்.

எவ்வளவு வேகம்

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 மெகாபிட் தாராளம். உயர்தரமான 4கே படத்துக்கே 25 மெகாபிட்டுக்கு மேல் தேவைப்படாது. வீடியோ அழைப்புக்கு மூன்று நான்கு போதும். பதிவேற்றும் வேகமும் பதிவிறக்கும் வேகமும் சமமா என்று கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அது முக்கியம். சொல்லும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். வரம்பில்லாதது என்று விற்கப்படும் பல திட்டங்களுக்கும் மாதம் 3,300 ஜிபி என்பதுபோல ஒரு வரம்பு உண்டு. சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது அரிது. புது நிறுவனம் என்றால் ஓராண்டுக் கட்டணத்தை ஒரே மூச்சில் கட்டிவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமாகப் போகட்டும். அதில் ஒரு மழைக்காலமும் வந்துபோனால் இன்னும் நல்லது.

இணைப்புக் கொடுக்க வருகிற நாள்

இந்த நாளில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். லைன் ஆள் செய்வது இதுதான். கம்பத்திலிருந்து இழுத்துவந்த கறுப்பு கேபிளின் உறையைப் பிளந்து, உள்ளேயிருந்து தலைமுடி அளவு மெல்லிய இழையை எடுப்பார். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தால் துடைப்பார். சிறு வெட்டுக் கருவியில் வைத்து அழுத்தியதும் ‘டிக்’ என்று நுனி சமமாக முறியும். இரண்டு நுனிகளையும் ஒட்டுக் கருவிக்குள் எதிரெதிரே வைத்து மூடினால், சின்னத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மெல்ல நெருங்கிவந்து நேர்ப்படும். ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டில் ஒளி இழப்பு எவ்வளவு டெசிபல் என்று திரையில் எண் வரும். 0.01, 0.02 என்று வந்தால் நல்ல ஒட்டு. 0.1-ஐத் தாண்டினால் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லலாம். அது அவருக்கு ஐந்து நிமிட வேலை. வெட்டிய துணுக்குகளைத் தரையில் போட விடாதீர்கள். அது கண்ணாடி, குழந்தைகளின் காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் பலத்தைத்தான் ‘பவர்’ என்பார்கள்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. “சேட்டா, பவர் எவ்வளவு காட்டுகிறது, ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.” அவர் மீட்டரை மாட்டிப் பார்த்து மைனஸ் 20, மைனஸ் 22 என்று சொன்னால் நிம்மதி. மைனஸ் 25-ஐத் தாண்டி 26 என்று போனால் நிம்மதி குறையும். மைனஸ் 27-தான் பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்குக் கடைசி எல்லை; அங்கே இருக்கும் லைன் இன்று ஓடும், நான்கு மாதத்தில் ஓர் இணைப்பில் தூசி படிந்தால் நின்றுவிடும். வந்த எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள். பின்னாளில் வேகம் குறைந்தால், அன்றைய எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டிப் பேசுகிற வாடிக்கையாளரை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கருவிக்குள் செருகும் முனை பச்சை நிறமாக இருந்தால் அதன் நுனி சற்றுச் சாய்வாக வெட்டப்பட்டது. நீலம் என்றால் நேர் வெட்டு. பச்சையைப் பச்சையோடுதான் சேர்க்க வேண்டும். அந்த முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

அவர் கிளம்புவதற்கு முன், மடிக்கணினியை லேன் கேபிளில் நேரடியாக மாட்டி வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்தால் குறை லைனிலா வீட்டிலா என்று தெரியாது. 200 மெகாபிட் திட்டம் வாங்கியவருக்கு 94-லேயே நின்றால், எங்கோ ஒரு கேபிளில் எட்டு வயரில் ஒன்று சரியாகத் தொடவில்லை, அல்லது கருவியின் அந்தத் துளையே 100 மெகாபிட் வகை. கிகாபிட்டுக்கு எட்டு வயரும் தேவை. நான்கு வயர் மட்டும் தொட்டால் வேகம் நூறுக்கு இறங்கிவிடும், ஆனால் இணைப்பு நிற்காது. அதனால்தான் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது.

ரூட்டர் எங்கே, எப்படி

ஃபைபர் கருவி மாடிப்படிக்குக் கீழே மையப் பெட்டியில் இருக்கலாம். வைஃபை தரும் கருவி அங்கே இருக்கக் கூடாது. ஹாலில், திறந்த சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. டிவிக்குப் பின்னால் வேண்டாம், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வேண்டாம், பெரிய கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் பக்கத்திலும் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுவதால் சமையலறைச் சுவரையும் தவிருங்கள்.

நம் பக்கத்தில் வெட்டுக்கல் வைத்துக் கட்டும் வீடுகள் நிறைய. அந்தச் சுவர் எட்டு ஒன்பது அங்குலம் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி ஒரு சுவரைத் தாண்டியதும் களைத்துவிடும்; இரண்டைத் தாண்டினால் நம்ப முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிட நன்றாகத் துளைக்கும், வேகம் குறைவு. அதனால் வீட்டின் அளவைச் சதுர அடியில் பார்க்காதீர்கள். கருவிக்கும் ஒவ்வோர் அறைக்கும் நடுவில் எத்தனைச் சுவர் என்று எண்ணுங்கள். ஒரு சுவர் சரி. இரண்டு என்றால் அங்கே இன்னொரு கருவி தேவை.

அமைப்புப் பக்கத்தைத் திறக்க, கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை உலாவியில் தட்டுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். உள்ளே போனதும் வைஃபைக்கு நீங்களே பெயர் வையுங்கள். வீட்டுப் பெயரோ குடும்பப் பெயரோ வேண்டாம். 2.4-இல் அலைவரிசையை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5-இல் அகலம் 80 வைக்கலாம். தோப்பு வீடுகளில் அண்டை வீட்டு வைஃபையின் தொல்லையே இருக்காது. கடவுச்சொல் இல்லாமல் கருவிகளைச் சேர்க்கும் ‘டபிள்யூபிஎஸ்’ என்ற பொத்தான் வசதியை நிறுத்திவிடுங்கள்.

மாடிக்கு என்ன செய்வது? முன்பு சொன்ன கூரைக் கேபிள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் முனையில் இன்னொரு வைஃபை கருவி. பழைய ரூட்டர் கைவசம் இருந்தால் அதையே வைக்கலாம்: அமைப்பில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டரில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, கேபிளை, பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும் ‘லேன்’ துளைகளில் ஒன்றில் மாட்டுங்கள். பெரும்பாலும் நீலமாக இருக்கும் ‘வான்’ துளையை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகி, கீழே இருக்கும் பிரிண்டரை மாடியிலிருந்து காண முடியாது. பெயரும் கடவுச்சொல்லும் கீழே இருப்பதேதான். அலைவரிசை மட்டும் வேறு. கைப்பேசி படியேறும்போது தானாகவே மாறிக்கொள்ளும்.

கேபிள் இல்லாதவர்கள், தங்களுக்குள் வைஃபையிலேயே பேசிக்கொண்டு ஒரே நெட்வொர்க்காக இயங்கும் கருவிகளான மெஷ் செட் வாங்கலாம். இரண்டாவது கருவியைச் சிக்னல் இல்லாத அறையில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. நல்ல சிக்னல் இன்னும் இருக்கும் நடுவழியில், படிக்கட்டு வளைவு போன்ற திறந்த இடத்தில் வைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவை ஒரே அலையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடுகிறது.

ஒரு நல்ல துணைப் பலன். வெட்டுக்கல் வீட்டுக்குள் கைப்பேசி சிக்னல் தடுமாறும். எல்லையில் இரண்டு மாநில டவருக்கும் நடுவில் மாறி மாறிப் பேச்சு அறுபடும். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் ‘வைஃபை காலிங்’ வசதி உண்டு. கைப்பேசி அமைப்பில் அதை இயக்கிவிட்டால் அழைப்புகள் பிராட்பேண்ட் வழியாகப் போகும். தனியாக இருக்கும் பெற்றோரின் கைப்பேசியில் இதை மறக்காமல் செய்துகொடுங்கள்.

மோட்டார் அறை, களம், வாசல் கேமரா

நூறு மீட்டருக்குள் என்றால் லேன் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பலாம். ஆனால் வீட்டை விட்டு வெளியேறி, திறந்த வெளியில் போகும் செம்புக் கேபிள் மின்னலுக்கு அழைப்பு. தோப்புக்குள் இருக்கும் மோட்டார் அறைக்கு ஃபைபரே போடுங்கள். இரண்டு முனையிலும், ஃபைபர் ஒளியை லேன் சிக்னலாகவும் லேன் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் கருவி ஒவ்வொன்று வைத்தால் போதும். இருநூறு முந்நூறு மீட்டரெல்லாம் அதற்கு ஒரு தூரமே இல்லை. ஏற்கெனவே தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் இருந்தால் அதிலேயே ஒரு பைப்பைப் போட்டுவிடுங்கள். மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மட்டும்தான் என்றால் இவ்வளவும் தேவையில்லை. சிம் கார்டில் ஓடும் ஸ்டார்ட்டர் வாங்கினால் வேலை முடிந்தது.

மின்னலும் கரண்டும்

கேரளத்தில் இடி மின்னல் உச்சத்தில் இருப்பது கோடை மழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்களிலும், துலாவர்ஷம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம். என்னிடம் வரும் எரிந்த கருவிகளில் பெரும்பகுதி இந்த மாதங்களின் மாலை நேரத்துக் கணக்குதான்.

“ஃபைபர் கண்ணாடிதானே, மின்னல் எப்படி வரும்?” என்று கேட்கிறார்கள். இழை கண்ணாடிதான். ஆனால் கம்பத்திலிருந்து தொங்கும் கேபிளைத் தாங்க, அதனோடு ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியை வீட்டுச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட வேண்டும். உள்ளே வருவது இழையும் மெல்லிய உறையும் மட்டுமாக இருக்கட்டும். பலர் கம்பியோடேயே ரூட்டர் பக்கம் வரை கொண்டுவந்து விடுகிறார்கள். எஃகு இல்லாத, கண்ணாடி நார்க் குச்சி வைத்த கேபிளும் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மின்னல் வரும் பெரிய வழி கரண்ட் லைன்தான். மெயின் போர்டில் சர்ஜ் (திடீரென எகிறிப் பாயும் மின்சாரம்) தடுப்புக் கருவி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி சரியாக இல்லாமல் அது வேலை செய்யாது. பாறை நிலமான இடங்களில் குழிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், இடி நெருங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் மிகச் சிறந்த காப்பு. ஏர்ஃபைபர் வைத்தவர்கள் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கேபிளைத் தொடாதீர்கள். அதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஜூன் தொடங்கி பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் தென்னை மட்டை விழுந்து லைன் அறுவது இன்னொரு தொல்லை. கேபிள் எந்த மரத்தடியில் போகிறது என்று பார்த்து, அந்த மரங்களின் காய்ந்த மட்டையை மே மாதத்திலேயே இறக்கிவிடுங்கள்.

கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் சில ரூட்டர்கள் அணைந்து மறுபடி எழும்பும். அழைப்பில் இருப்பவர் இரண்டு மூன்று நிமிடம் தவிக்க வேண்டியிருக்கும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று இதைத் தீர்க்கும். வாங்கும் முன் உங்கள் கருவியின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பெட்டியில் 8,800 மில்லி ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி. 8 வாட் இழுக்கும் கருவிக்கு, விரயம் போக, மூன்று மணி நேரம் வரும்.

பூட்டு

கருவியின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. முதலாவதை மாற்றாமல் விடுவதுதான் பெரிய ஓட்டை. அது அந்த மாதிரிக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதாக இருக்கக்கூடும். அன்றே மாற்றுங்கள். வைஃபைக்கு, தொடர்பில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஓர் எண் வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. கைப்பேசி எண்ணும் பிள்ளை பெயரும் வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3, அல்லது டபிள்யூபிஏ2.

விருந்தினருக்குத் தனி வைஃபை திறந்து, வைஃபையில் ஓடும் கேமராவையும் ஸ்மார்ட் டிவியையும் அதிலேயே வையுங்கள். பணப் பரிமாற்றம் செய்யும் கைப்பேசியும் மலிவான கேமராவும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், ரூட்டர் அமைப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3 என்று கொடுத்தால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெருமளவு தடுக்கப்படும். செலவில்லாத ஏற்பாடு இது. வெளியூரிலிருந்து கேமராவை நேரடியாகத் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பல நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி தருகின்றன. கருவி காட்டும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டில் இருக்கிறீர்கள். நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கும் கேமரா வாங்குங்கள், அல்லது தனி முகவரிக்குக் கூடுதல் பணம் கட்டுங்கள்.

லைன் நின்றால்

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மூன்று விளக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. ரூட்டரை அணைத்துப் போடுவதால் பயனில்லை, உடனே புகார் சொல்ல வேண்டும். ‘பான்’ விளக்கு பச்சையாக நின்று எரிகிறது, ஆனால் ‘இன்டர்நெட்’ விளக்கு இல்லை என்றால் லைன் நன்றாக இருக்கிறது, கணக்கில் கோளாறு: பணம் கட்டவில்லை அல்லது உள்நுழைவுப் பெயர் அழிந்திருக்கிறது. எல்லா விளக்கும் சரி, கைப்பேசியில் மட்டும் வரவில்லை என்றால் கருவியை ஒரு நிமிடம் அணைத்துப் போடலாம். அடியில் இருக்கும் சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்த மட்டும் கூடாது. எல்லா அமைப்பும் அழிந்துவிடும்.

உள்ளூர் ஆளுக்கு ஃபோனில் சொன்னாலும், நிறுவனத்தின் எண்ணிலோ செயலியிலோ பதிவு செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பல நாள் லைன் நின்றால் கட்டணக் கழிவு கேட்க அந்த எண்தான் ஆதாரம்.

இணைப்பு எண், உள்நுழைவுப் பெயர், முதல் நாள் பவர் அளவு, புகார் எண் கிடைக்கும் தொலைபேசி, லைன் ஆளின் கைப்பேசி எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மையப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அவை வீட்டு ஆவணங்கள் இருக்கும் கோப்பில் இருக்கட்டும்.